ஃபைனல் ஃபேண்டஸி 7 மூன்றாம் பாகத்துக்குத் திருகோணமலையிலிருந்து தயாராவது: முழுமையான வழிகாட்டி

1997இல் வந்த ஜப்பானிய வீடியோ கேமான ஃபைனல் ஃபேண்டஸி 7இன் மீளுருவாக்கம் மூன்று பாகங்கள் கொண்டது; அதன் மூன்றாவதும் கடைசியுமான பாகத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். முதல் பாகமான ரீமேக் 2020 ஏப்ரல் 10 அன்று வந்தது. இரண்டாம் பாகமான ரீபர்த் 2024 பெப்ரவரி 29 அன்று வந்தது. முடிவுப் பாகம் எப்போது வந்தாலும், அந்த நாளுக்கு முன் முடித்துவைக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு ஓர் ஒழுங்கும் இருக்கிறது.

உப்புவெளியிலும் உவர்மலையிலும் இந்தக் கேமைப் புதிதாகத் தொடங்கிய பல இளைஞர்களோடு அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ட்ரெய்லரைப் பார்த்த உற்சாகத்தில் பணத்தைக் கருவியில் கொட்டுகிறார்கள்; கதையையும் சேமிப்புக் கோப்புகளையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு எதிரானது.

தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை: வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்ட வங்கி அட்டை, இரண்டு கேம்களையாவது தாங்கும் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு), ஒரு பென் டிரைவ், ஒரு கொப்பி. மாலையில் ஒன்றரை மணிநேரம் ஒதுக்க முடிந்தால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் எல்லாம் முடியும். சாதாரண தரம் அல்லது உயர்தரப் பரீட்சை எழுதுபவர்கள் பரீட்சை முடிந்த பிறகு தொடங்குங்கள். இந்தக் கதை தப்பி ஓடாது.

1. எந்தக் கருவி என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

இதை முதலாவதாக வைப்பதற்குக் காரணம் சேமிப்புக் கோப்பு. பிளேஸ்டேஷனில் விளையாடிய முன்னேற்றத்தைக் கணினிக்கு நகர்த்த முடியாது. கணினியிலிருந்து பிளேஸ்டேஷனுக்கும் முடியாது. ரீமேக்கை நண்பரின் பிளேஸ்டேஷனில் முடித்துவிட்டு ரீபர்த்தைச் சொந்தக் கணினியில் வாங்குபவருக்கு, முந்தைய பாகத்தின் சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கான பரிசுகள் கிடைப்பதில்லை. மூன்றாம் பாகத்தை எதில் விளையாடப் போகிறீர்களோ அதிலேயே முதல் இரண்டையும் விளையாடுங்கள்.

கணினி என்றால் கிராஃபிக்ஸ் அட்டையில் கவனம் தேவை. ரீபர்த்தின் கணினிப் பதிப்பு 2025 ஜனவரி 23 அன்று வந்தது. அது டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் என்ற கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் அட்டையைக் கேட்கிறது. என்விடியா வரிசையில் ஆர்டிஎக்ஸ் 2060, ஏஎம்டி வரிசையில் ஆர்எக்ஸ் 6600 ஆகியவை குறைந்தபட்சம். பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் ஜிடிஎக்ஸ் 1080 மலிவாகக் கிடைக்கும். வேகமான அட்டைதான், ஆனாலும் இந்த ஆதரவு அதில் இல்லை. வேகத்தை மட்டும் கேட்டு வாங்கியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நினைவகம் 16 ஜிபி வேண்டும்.

மூன்றாம் பாகம் ரீபர்த்தைவிட இலகுவாக ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் கணினி ரீபர்த்தைத் திணறித் திணறி ஓட்டுகிறதென்றால் பணத்தை இப்போது செலவழிக்காமல் சேர்த்துவைத்து, முடிவுப் பாகத்தின் தேவைகள் அறிவிக்கப்பட்ட பிறகு வாங்குங்கள். கதைக்கு முன் கருவியை வாங்குபவர் இரண்டு தடவை வாங்க நேரிடும்.

2. கணக்கும் பணமும்

கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கணக்கைத் திறக்கும்போது நாட்டை இலங்கை என்றே கொடுங்கள். விலை அமெரிக்க டொலரில் காட்டப்படும். வங்கி அதை ரூபாயாக மாற்றும்போது தன் கட்டணத்தையும் சேர்க்கும். கழிவு விற்பனையில் ரீமேக்கும் ரீபர்த்தும் கணிசமாக விலை குறைவதுண்டு, ஆகவே முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

அட்டையைச் சோதிக்க, முதலில் மலிவான ஏதாவது ஒன்றை வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவு முடக்கப்பட்டிருந்தால் அது வெளியாகும் இரவில் தெரியவரக் கூடாது. அன்று வங்கிக் கிளை மூடியிருக்கும்.

முன்பதிவு செய்வதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டீமில் முன்பதிவைக் கேம் வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் மீளப் பெறலாம். வாங்கிய கேமென்றால் 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணிநேரத்துக்குக் குறைவாக இருந்தால், பணம் திரும்பும். உங்கள் கணினியில் ரீபர்த் ஓடுமா என்று சோதிக்க இந்த 2 மணிநேரம் நல்ல வழி.

பிளேஸ்டேஷன் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இணையக் கடை இலங்கைக்கெனத் தனியாகத் திறக்கப்படவில்லை. இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்கு வைத்து, அந்நாட்டுப் பரிசு அட்டைகளால் வாங்குகிறார்கள். பிளேஸ்டேஷன் 5 வட்டுகள் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் கூடுதல் உள்ளடக்கம் வாங்கினால் அது வட்டின் பிராந்தியத்தோடு ஒத்த கணக்கில் இருக்க வேண்டும். இன்றே ஒரு பிராந்தியத்தைத் தேர்ந்து அதிலேயே நின்றுவிடுங்கள்.

3. விளையாடும் ஒழுங்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்களென்றால் இதைப் படியுங்கள்.

முதலில் ரீமேக் இன்டர்கிரேட். இதில் 18 அத்தியாயங்கள். கதை முழுவதும் மிட்கார் நகரத்துக்குள் நடக்கிறது. 35 முதல் 40 மணிநேரம் பிடிக்கும். வெறும் ரீமேக்கை வாங்காமல் இன்டர்கிரேட் பதிப்பை வாங்கச் சொல்வதற்குக் காரணம், அதில் யூஃபி என்ற பெண்ணின் கதையான இன்டர்மிஷன் சேர்ந்திருப்பது.

இரண்டாவது இன்டர்மிஷன். இரண்டே அத்தியாயங்கள், 5 அல்லது 6 மணிநேரம். ‘துணைக் கதைதானே’ என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். ரீபர்த்தில் யூஃபி குழுவில் சேரும்போது அவளுடைய கோபமும் துயரமும் எங்கிருந்து வருகின்றன என்பது இதை விளையாடியவருக்குத்தான் புரியும். ரீமேக்கை முடித்த பிறகே இதைத் தொடங்குங்கள். முன்னால் தொடங்கினால் மிட்காரின் சில திருப்பங்கள் வலுவிழந்துபோகும்.

மூன்றாவது ரீபர்த். 14 அத்தியாயங்கள். கதையை மட்டும் பின்பற்றினால் 40 முதல் 50 மணிநேரம். எல்லாவற்றையும் தொட்டால் 100ஐத் தாண்டும்.

இனி, எதை விளையாடக் கூடாது என்பது. கிரைசிஸ் கோர் ரீயூனியன் என்ற கேம் 2022 டிசம்பரில் வந்தது. அது இந்தக் கதைக்கு முன்னால் நடப்பது. ‘காலவரிசைப்படி அதுதானே முதலாவது’ என்று பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கதாநாயகன் கிளவுட்டின் கடந்தகாலத்தைப் பற்றிய ஒரு முடிச்சை ரீபர்த் கட்டி வைத்திருக்கிறது. முடிவுப் பாகம்தான் அதை அவிழ்க்க வேண்டும். கிரைசிஸ் கோர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மூன்றாம் பாகத்தை முடித்த பிறகு அதை விளையாடுங்கள். அப்போது அது வேறொரு கனத்தோடு வரும்.

1997இல் வந்த மூலக் கேமுக்கும் இதே பதில்தான். அதை ஏற்கெனவே விளையாடியவர்கள் பாக்கியசாலிகள், அவர்களுக்கு எது மாறியிருக்கிறது என்று தேடும் இன்பம் தனியாக உண்டு. புதியவர்கள் காத்திருக்கும் இடைவெளியில் அதை அவசரமாக முடிக்க வேண்டியதில்லை. முடிவை முதன்முறையாகப் பார்க்கும் வாய்ப்பு ஒரே தடவைதான் கிடைக்கும்.

ரீபர்த்தில் புதியவர்கள் நின்றுபோகும் இடம் இரண்டாம் அத்தியாயம். மிட்காரின் குறுகிய தெருக்களிலிருந்து திடீரெனப் பரந்த புல்வெளி திறக்கிறது. வரைபடம் முழுக்கக் குறியீடுகள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் முடிக்க முயல்கிறார்கள், 20 மணிநேரம் கழித்தும் அதே புல்வெளியில் நிற்கிறார்கள், பிறகு கேமையே மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு பிரதேசத்திலும் இரண்டை மட்டும் செய்யுங்கள். ஒன்று, கோபுரங்களைத் திறப்பது. அவை சுற்றியுள்ள இடங்களை வரைபடத்தில் காட்டும். மற்றது, போரில் உதவிக்கு அழைக்கும் தெய்வங்களின் சன்னதிகளைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு சன்னதியும் அந்தத் தெய்வத்தோடு நடக்கும் போரை எளிதாக்கி, அதன் மெட்டீரியாவையும் (ஆயுதத்தில் பொருத்தும் மந்திரக் கல்) வலுவாக்கும். மற்றவை காத்திருக்கலாம். கதையை முடித்த பிறகு அத்தியாயங்களைத் தேர்ந்து திரும்பிப்போகும் வசதி இருக்கிறது.

குயின்ஸ் பிளட் சீட்டாட்டத்துக்கு மட்டும் விதிவிலக்குத் தருவேன். அது அவ்வளவு நன்றாக இருக்கிறது.

4. கொப்பி ஒன்று வையுங்கள்

கேமில் தமிழ் இல்லை. குரல் ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய நான்கில். நம்மில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தைப் படித்தபடிதான் போகிறோம். உரையாடல் வேகமாக ஓடும்போது பெயர்கள் கலந்துவிடும்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் கொப்பியில் நான்கைந்து வரி எழுதுங்கள்: யார் வந்தார்கள், எங்கே போனார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. தமிழில் எழுதுங்கள். ஷின்ரா நிறுவனம், மாக்கோ ஆற்றல், லைஃப்ஸ்ட்ரீம், செஃபிரோத், கறுப்பு அங்கி மனிதர்கள் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினால் நல்லது. ரீபர்த்தின் கடைசி அத்தியாயம் புதியவர்களை உண்மையாகவே குழப்பும், ஏனென்றால் ஒரே காட்சியைக் கேம் இரண்டு விதமாகக் காட்டுகிறது. அங்கே நீங்கள் கண்டதை, பிறர் விளக்கத்தைத் தேடும் முன், அன்றிரவே உங்கள் சொற்களில் எழுதிவிடுங்கள். மூன்றாம் பாகம் தொடங்கும்போது அந்தப் பக்கம்தான் உங்களுக்கு வேண்டியது.

உரையாடல் எழுத்தின் அளவை அமைப்புகளில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியிலிருந்து தள்ளி அமர்பவர்களுக்கு இது பெரும் உதவி.

5. போர்முறையை இப்போதே கையில் பழக்குங்கள்

ஜப்பானியக் கேம் என்றதும் மாறி மாறி அடிக்கும் பழைய முறையை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அடியை மட்டும் இடைவிடாமல் அழுத்துபவர்கள் இன்னொரு வகை. இருவரும் முதல் பெரிய எதிரியிடம் தோற்கிறார்கள்.

சாதாரண அடி எதிரியைக் கொல்வதற்கானதல்ல. மந்திரத்துக்கும் திறனுக்கும் செலவாகும் ஏடிபி பட்டையை நிரப்புவதற்கானது. பட்டை நிரம்பியதும் மந்திரமோ சிறப்புத் திறனோ பயன்படுத்துவதுதான் உண்மையான தாக்குதல். எதிரியின் பலவீனத்தைத் தொட்டால் அது முதலில் தடுமாறும். அந்த நேரத்தில் தொடர்ந்து அழுத்தினால் முழுதாக நிலைகுலையும். நிலைகுலைந்த எதிரிக்கு விழும் அடி 160 சதவீதத்திலிருந்து தொடங்கும். சேமித்த ஏடிபி முழுவதையும் அப்போதுதான் செலவழிக்க வேண்டும், அதற்கு முன் அல்ல.

பலவீனம் எது என்று அறிய அசெஸ் என்ற மெட்டீரியா இருக்கிறது. ரீமேக்கின் மூன்றாம் அத்தியாயத்தில் சாட்லி என்ற சிறுவனிடம் கிடைக்கும். அதை யாராவது ஒருவரின் ஆயுதத்தில் எப்போதும் பொருத்தி வையுங்கள். புதிய எதிரியைக் கண்டதும் முதல் வேலை அதைப் பயன்படுத்துவது. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வந்தது.

கிளவுட்டையே எப்போதும் ஓட்டுவது அடுத்த தவறு. கேம் தானாக இயக்கும் துணைவர்களின் ஏடிபி மெதுவாகத்தான் நிரம்பும். ஆளை மாற்றி மாற்றி ஓட்டினால்தான் எல்லோரின் பட்டையும் வேகமாக நிரம்பும். கைவேகம் குறைந்தவர்கள் ரீமேக்கில் கிளாசிக் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் அடியும் தடுப்பும் தானாக நடக்க, கட்டளைகளை மட்டும் நீங்கள் கொடுப்பீர்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

6. சேமிப்புக் கோப்பைக் காப்பாற்றுங்கள்

ரீபர்த் தொடங்கும்போது, அதே கருவியில் ரீமேக்கின் சேமிப்பு இருந்தால் லெவியதான் அழைப்பு மெட்டீரியா பரிசாகக் கிடைக்கிறது. இன்டர்மிஷன் சேமிப்பு இருந்தால் ராமு. ஆட்களின் நிலைகளும் ஆயுதங்களும் தொடர்வதில்லை. ஆகவே பாத்திரங்களை உச்சத்துக்கு வளர்த்து வைக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம், கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதே போதும்.

கணினியில் சேமிப்புகள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் மை கேம்ஸ் என்பதற்குள் கேமின் பெயரிலேயே இருக்கும். அந்தக் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸை மீள நிறுவக் கணினியைக் கடையில் கொடுக்கும்போதுதான் பலருடைய கோப்புகள் அழிகின்றன. கொடுக்கும் முன் நகலெடுப்பது உங்கள் வேலை. கடைக்காரருக்கு அந்தக் கோப்புறையின் மதிப்புத் தெரியாது.

பிளேஸ்டேஷன் 5இல் நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் 4 கேம்களின் சேமிப்பை யூஎஸ்பிக்கு நகலெடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு அது முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா எடுத்து இணையக் கிடங்கில் ஏற்றுவது எளிய வழி. கொன்சோலை விற்கவோ பழுதுபார்க்கவோ எண்ணுபவர்கள் ஒரு மாதச் சந்தா எடுத்தாவது ஏற்றிவிடுங்கள்.

7. இடமும் பதிவிறக்கமும்

ரீபர்த்தின் கணினிப் பதிப்பு 155 ஜிபி இடம் கேட்கிறது. நொடிக்கு 20 மெகாபிட் இணைப்பில், இடையில் தடங்கல் இல்லாவிட்டாலும், அது இறங்க ஏறத்தாழ 17 மணிநேரம் ஆகும். 10 மெகாபிட் என்றால் 34. முடிவுப் பாகத்துக்கும் இதே அளவையோ கூடுதலையோ மனதில் வைத்து இடம் ஒதுக்குங்கள்.

ஸ்டீமில் முன்கூட்டியே இறக்கப்படும் கேம் பூட்டிய நிலையில் வரும். வெளியாகும் நேரத்தில் அது விரிக்கப்படும்போது கூடுதல் இடமும் நேரமும் எடுக்கும். வட்டில் மிகச் சரியாக 155 ஜிபி மட்டும் விட்டு வைத்தவர்கள் அந்த நேரத்தில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருப்பார்கள். பழைய சுழல் வட்டென்றால் விரிப்பதற்கே நீண்ட நேரம் பிடிக்கும்; எஸ்எஸ்டி கட்டாயம்.

பிளேஸ்டேஷன் 5இன் முதல் வடிவத்தில் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 667தான். யூஎஸ்பி வட்டில் அந்தக் கேம்களை வைத்திருக்கலாம், அங்கிருந்து ஓட்ட முடியாது. ரீபர்த் வட்டுப் பதிப்பில் இரண்டு வட்டுகள் வந்தன: ஒன்று தரவுக்கு, ஒன்று விளையாட. வட்டு வாங்கினாலும் நிறுவும் இடம் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

இணையப் பொதியில் இரவுத் தரவு தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஸ்டீமின் அமைப்புகளில் பதிவிறக்க நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் பகல் தரவைத் தொடாது.

கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கம் கைபேசி இணைப்பை நம்பியிருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரே கேமை வாங்கிய நண்பர் நகரத்தில் ஃபைபர் இணைப்பில் இறக்கியிருந்தால், இரண்டு கணினிகளையும் ஒரே வைஃபையில் அல்லது கேபிளில் இணைத்து ஸ்டீமின் உள்ளகப் பரிமாற்ற வசதியால் நகலெடுக்கலாம். கணினியைத் தூக்கிப்போக முடியாவிட்டால், ஸ்டீமின் காப்புப்பிரதி வசதியால் வெளிவட்டில் எடுத்து வந்து வீட்டில் மீட்டெடுங்கள். கொழும்பில் படிக்கும் அண்ணாவோ அக்காவோ இரவு ரயிலில் வரும்போது கொண்டுவந்தால் போதும். இறுதியில் சிறிய திருத்தங்கள் மட்டும் இணையத்தில் இறங்கும். இந்த முறையை ரீபர்த்தை வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

8. மின்சாரம், மின்னல், உப்புக் காற்று

650 விஏ யூபிஎஸ் ஒன்றால் கேம் கணினியைத் தாங்க முடியும் என்று நம்பாதீர்கள். அதன் உண்மைக் கொள்ளளவு 350 வாட் சுற்றளவுதான். நல்ல கிராஃபிக்ஸ் அட்டையுள்ள கணினி விளையாடும்போது அதைத் தாண்டிவிடும். பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட் எடுக்கும், அதற்கு இது சில நிமிடங்கள் போதும். யூபிஎஸ் தொடர்ந்து விளையாடுவதற்கானதல்ல, சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கானது. ரூட்டருக்குத் தனியாக 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வாங்குவது நல்ல முதலீடு. மின்வெட்டில் இணைய இணைப்பு அறாது.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஃபைபர் கேபிள் மின்னலைக் கடத்தாது, ஆனால் ரூட்டரின் மின்கம்பி கடத்தும். பலரும் கவனிக்காத வழி டிஷ் அன்டெனாக் கம்பி: கூரையிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கொன்சோலுக்கு. பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு இந்தக் கம்பியை விட்டால் கொன்சோலின் எச்டிஎம்ஐ வாய் கருகக்கூடும்.

கடற்கரையோர வீடுகளில் உப்பு இணைப்புகளை அரிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடும் புழுதியும் சேரும். கருவியைத் தரையில் வைக்காதீர்கள், கடற்பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், துணியால் மூடிக்கொண்டே ஓட்டாதீர்கள். கேம் வருவதற்கு ஒரு மாதம் முன் விசிறிகளைத் துடைத்துவிடுங்கள்.

9. கதைக் கசிவைத் தடுங்கள்

வெளியாகும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே வட்டுகள் சிலர் கைக்குப் போய்விடும், காட்சிகள் கசியும். காணொளித் தளங்களின் முகப்புப் படமே ஒரு மரணத்தைச் சொல்லிவிடும். ஆகவே பாத்திரப் பெயர்களை முடக்கச் சொற்களாகச் சேருங்கள், பார்த்த வரலாற்றை நிறுத்தி வையுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு பேச்சு வேண்டும். தம்பி முன்னால் போய்விட்டால் அண்ணனிடம் அத்தியாய எண்ணை மட்டும் சொல்லலாம், நடந்ததைச் சொல்லக் கூடாது. இதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

10. வெளியாகும் நாள்

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணிநேரம் முன்னால். டோக்கியோவில் நள்ளிரவு என்றால் திருகோணமலையில் இரவு 8.30. ஆனால் ஜப்பானிய நேரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள். ஸ்டீமில் பொதுவாக உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் திறக்கும். கேமின் பக்கத்தில் தெரியும் நேரமே கணக்கு. பிளேஸ்டேஷனில் பெரும்பாலும் உங்கள் கணக்குப் பிராந்தியத்தின் நள்ளிரவு.

அன்று மாலை கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்து, கணினியை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள். கொப்பியை எடுத்து ரீபர்த்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு எழுதிய குறிப்பைப் படியுங்கள். கணினியில் முதல் தடவை திறக்கும்போது ஷேடர்கள் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தயாராகச் சில நிமிடங்கள் எடுக்கலாம். உறைந்துவிட்டதென்று நினைத்து மூடாதீர்கள். பிறகு எழுத்தளவு, ஒளி, குரல் மொழி மூன்றையும் சரிசெய்யுங்கள். முதல் காட்சி ஓடத் தொடங்கிய பிறகு அமைப்புகளுக்குள் போனால் மனம் கலைந்துவிடும்.

முதல் இரவே விடியும்வரை விளையாட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் முக்கியமான காட்சிகளைத் தவறவிடுவீர்கள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, கொப்பியில் வழக்கம்போல நான்கைந்து வரி எழுதி, சேமிப்புக் கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டுப் படுங்கள்.